சீனாவில் ஐகியாவும் ஹோம் டிப்போவும்

‘நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லி வளர்ந்த கம்பெனிகள்தான் இரண்டும். ஸ்வீடனில் பிறந்த ஃபர்னிச்சர் கம்பெனியான ஐகியா 1998-ல் ஷாங்காயில் கடை போட்டது. வீட்டைக் கட்டவும் பழுதுபார்க்கவும் வேண்டிய சாமான்களை விற்கும் அமெரிக்காவின் ஹோம் டிப்போ, 2006-ல் சீனாவில் ஏற்கெனவே இருந்த 12 கடைகளை மொத்தமாக வாங்கி நுழைந்தது.

சீனாவில் புது ஃபிளாட் பெரும்பாலும் வெறும் சிமெண்ட் சுவரோடுதான் கைக்கு வரும். டைல்ஸ், குழாய், பெயிண்ட் எல்லாம் வாங்கியாக வேண்டும். ஹோம் டிப்போவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை என்றுதான் தோன்றும். ஆனால் கூலி மலிவான ஊரில் யார் டிரில்லிங் மெஷினைத் தூக்குவார்? ஆளைக் கூப்பிட்டார்கள். அடுக்கிவைத்த டைல்ஸைப் பார்த்து நம் வீட்டுக் கூடம் எப்படி அமையும் என்று கற்பனை செய்யவும் முடியாது. மிஞ்சிய 7 பெரிய கடைகளும் 2012-ல் மூடப்பட்டன.

ஐகியா பலகையை விற்கவில்லை, அறையை விற்றது. சீன ஃபிளாட் அளவிலேயே மாதிரி அறைகள், பால்கனி உட்பட. விலையையும் குறைத்துக்கொண்டே வந்தது. மாட்டிக் கொடுக்கவும் ஆள் அனுப்பியது. ஷோரூம் கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டவர்களைப் பல வருஷம் பெரிதாக விரட்டவும் இல்லை. என்னைக் கேட்டால், விளம்பரத்தைவிட அந்தத் தூக்கம்தான் அதிகம் விற்றிருக்கும்.