காருக்கு வேறு வழி இருக்கிறதா? மத்திய தரைக்கடல் மலைச்சாலைகள் நான்கு: ஓர் ஒப்பீடு

மத்திய தரைக்கடல் பக்கம் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் ஏற்றம் எத்தனை கிலோமீட்டர், சரிவு எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அமைதியான சாலை வேண்டுமென்றால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பக்கம் போகும் கார்களுக்கு வேறு வழி இருக்கிறதா? பக்கத்திலேயே ஒரு சுரங்கமோ அகலமான நெடுஞ்சாலையோ இருந்தால், பழைய மலைச்சாலை தானாகவே காலியாகிவிடும். இல்லையென்றால் எவ்வளவு அழகான மலையானாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து உறுமிக்கொண்டே வரும்.

இந்தக் கணக்கை வைத்து நான்கு இடங்களை எடுத்துக்கொள்வோம்: ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் சோயேர் கணவாய், கத்தலோனியாவில் ஜிரோனா நகரை ஒட்டிய எல்ஸ் ஆஞ்சல்ஸ், பிரான்சின் புரோவான்ஸில் நெஸ்க் பள்ளத்தாக்கு, இத்தாலியின் டஸ்கனியில் கியாந்தியின் வெள்ளை மண்சாலைகள்.

மயோர்க்கா: சுரங்கம் செய்த உபகாரம்

மயோர்க்கா என்றாலே சா கலோப்ராதான் பேச்சு. 1932இல் பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி வடிவமைத்த சாலை. ஒன்பதரை கிலோமீட்டருக்குச் சராசரி 7 சதவீதம், 26 கொண்டை ஊசி வளைவுகள். ஓரிடத்தில் சாலை டை முடிச்சுப் போலச் சுழன்று தன் அடியிலேயே நுழைந்து போகும். ஆனால் அமைதி வேண்டுமென்று அங்கே போகாதீர்கள். கீழே கடற்கரை, அங்கே போகவும் வரவும் இந்த ஒரே சாலை. காலை பத்து மணிக்கு மேல் பேருந்துகள் வரிசை கட்டும். ஒரு பேருந்து வளைவில் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்கே வேண்டும். நீங்கள் காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான். போயே தீருவேன் என்பவர்கள் விடிந்ததும் இறங்கி ஒன்பதரைக்குள் மேலே வந்துவிடுங்கள்.

அதே மலைத்தொடரில் சோயேர் கணவாயின் கதை வேறு. 500 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். சோயேர் பக்கத்திலிருந்து ஏறினால் ஏழு கிலோமீட்டர், சராசரி 6 சதவீதம். வளைவுகளை எண்ண ஆரம்பித்தால் பாதியில் கணக்கு தப்பிவிடும். 1997இல் அடியில் மூன்று கிலோமீட்டர் சுரங்கம் திறந்ததும் அவசரக்காரர்கள் கீழே போய்விட்டார்கள். சுங்கத்தை மிச்சம் பிடிக்க மேலே சுற்றியவர்களும், 2017 கடைசியில் சுங்கத்தை நீக்கியதும் கீழேயே போகத் தொடங்கினார்கள். சுரங்கத்துக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதனால் மேலே சைக்கிளும் கீழே காருமாகப் பிரிந்துவிட்டது.

இங்கே தவறு நடப்பது இரண்டு இடங்களில். செல்போன் வரைபடத்தைக் கார் முறையிலேயே விட்டுவிட்டால் அது உங்களைச் சுரங்க வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும். கணவாய்ச் சாலை அதற்குச் சற்று முன்பே, அல்ஃபாபியா தோட்டத்தின் அருகே பிரிந்துவிடுகிறது. இன்னொன்று சோயேர் ஊருக்குள். 1913 முதல் ஓடும் டிராமின் தண்டவாளம் கடைவீதியின் நடுவிலேயே போகிறது. 28 மி.மீ. டயர் அந்தப் பள்ளத்தில் அழகாகப் பொருந்தும், பொருந்தியதும் ஆள் கீழே. தண்டவாளத்தை எப்போதும் குறுக்காக, செங்கோணத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அப்படிக் கடக்க வேண்டும். மழை நாளில் இறங்கி உருட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சோயேரோடு சேர்த்து ஓட்ட நல்ல துணை, பூஞோலா – ஓரியெந்த் – அலரோ சாலை. பூஞோலாவிலிருந்து ஓனோர் கணவாய்க்கு ஐந்தரை கிலோமீட்டர் ஏற்றம், பிறகு ஓரியெந்த் என்ற கைப்பிடி அளவு ஊர். மார்ச், ஏப்ரலில் தீவு முழுக்க சைக்கிள்காரர்கள்தான். அப்போது அமைதியைக் கெடுப்பது கார் அல்ல, நாற்பது பேர் கொண்ட கூட்டம்.

ஜிரோனா: ஊர்ப் புறத்திலேயே மலை

தொழில்முறை வீரர்கள் பலர் குடியிருக்கும் ஊர். அவர்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது ரொகக்கோர்பா ஏற்றம். அது பயிற்சிக்கானது, அமைதியாக ஓட்ட வந்தவருக்கு அவசியமில்லை. எல்ஸ் ஆஞ்சல்ஸ் சாலை பழைய நகரின் பின்புறம், சாந்த் தனியேல் பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. பத்து கிலோமீட்டர், சராசரி 4 சதவீதத்தை ஒட்டி, உச்சி 480 மீட்டர் அளவில். மேலே உள்ள சிறு தேவாலயத்தில்தான் 1958இல் ஓவியர் சால்வதோர் தாலி, தன் துணைவி காலாவைத் திருச்சபை முறைப்படி மணந்தார்.

இங்கே அமைதிக்குக் காரணம், பிஸ்பால் பக்கம் போகும் நெடுஞ்சாலை கவாரஸ் குன்றுகளைச் சுற்றிப் போய்விடுவது. குன்றின் மேலே போகும் சாலைக்கு வேலை இல்லை. இருபுறமும் கார்க் ஓக் மரங்கள். பட்டை உரித்த மரம் அடியில் செங்காவி நிறமாகவும், உரிக்காத கிளைகள் மேலே சாம்பல் நிறமாகவும், முழங்கால் வரை சாயத்தில் நின்றது போல இருக்கும்.

திரும்பி வந்த வழியே வராதீர்கள். மாத்ரமாஞாவுக்கு இறங்கி, மொனெய்ஸ், க்ரூயேஸ் வழியாகச் சாந்தா பெலாயா கணவாய் ஏறி, காசா தெ லா செல்வாவில் இறங்கினால், அங்கே பழைய குறும்பாதை ரயில்தடம் கிடைக்கும். 1969இல் ரயில் நின்றபின் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றிய பாதை அது. ஜிரோனா முதல் கடலோர சாந்த் ஃபெலியூ வரை 39 கி.மீ. முழுச் சுற்று சுமார் 60 கி.மீ. ரயில்தடம் பெரும்பாலும் இறுக்கிய மண். காய்ந்திருந்தால் 28 மி.மீ. டயர் போதும், மழைக்கு மறுநாள் சேறு தெறித்துச் செயின் கரகரக்கும். சாலைச் சந்திப்புகளில் நட்டுவைத்த கம்பங்களும் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்களும் வேகத்தைக் குறைத்துவிடும்.

மலை ஏற விரும்பாத துணையோடு போகிறவர்களுக்கு நான்கில் இதுவே நல்லது. ஒருவர் மலை ஏற, மற்றவர் ரயில்தடத்தில் சமதரையாக வந்து காசாவில் சந்திக்கலாம்.

நெஸ்க்: நான்கில் முதலிடம்

வில்-சூர்-ஓஸோன் என்ற ஊரிலிருந்து மோனியூ வரை டி942 சாலை, இருபது கிலோமீட்டர். கஸ்தெல்லரா என்ற பார்வைமேடையில் 730 மீட்டரைத் தாண்டுகிறது. ஏற்றம் 2 முதல் 3 சதவீதம்தான், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறலாம். மோனியூவுக்கு அப்பால் உள்ள சோ ஊருக்கு அவசரமாகப் போகும் வண்டிகள் தேனீக்கள் கணவாய் வழியே டி1 சாலையில் போய்விடுகின்றன. அது 996 மீட்டர் உயரம் வரை ஏறினாலும் அகலமானது, நேரானது. பள்ளத்தாக்குச் சாலையோ வளைந்து வளைந்து போய் நேரத்தை விழுங்கும். அவசரமில்லாதவர்கள் மட்டும் வரும் சாலை என்பதால், வரும் காரும் மெதுவாகவே வரும்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை: வில்-சூர்-ஓஸோனிலிருந்து மேல்நோக்கி. பிரான்சில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மேலே போகும்போது பள்ளம் வலப்பக்கம் வருவதால் காட்சி முழுக்க உங்கள் தோளுக்கு அருகே. வேகமும் குறைவு, முழங்கால் உயரத் தடுப்புச்சுவர் பயமுறுத்தாது. எதிர்த்திசையில் இறங்கினால் பாறைச்சுவர் ஓரமாக வேகமாக வருவீர்கள். மழைக்குப் பின் சரளைக் கல் உதிர்ந்து கிடப்பது அந்த ஓரத்தில்தான். சில குட்டிக் குகைப்பாதைகள் உண்டு. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த ஓரிரு விநாடி கண் தெரியாது, அதனால் பின்விளக்கை எரியவிடுங்கள், கறுப்புக் கண்ணாடியை முன்கூட்டியே மூக்கில் இறக்கிக்கொள்ளுங்கள்.

பார்வைமேடைக்கு எதிரே 872 மீட்டரில் நிற்கிறது மெழுகுப் பாறை. அந்தச் செங்குத்துச் சுவரில் காட்டுத்தேனீக்கள் கூடு கட்டிய காலத்தில் வந்த பெயர்.

குறை என்று சொன்னால் தண்ணீர். இடையில் ஊரே கிடையாது. வில்-சூர்-ஓஸோனில் 750 மி.லி. புட்டி இரண்டையும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். ஊர் நீரூற்றில் 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் அது குடிக்க ஆகாது. மதியம் பன்னிரண்டு அடித்ததும் கிராமக் கடைகள் மூடிவிடும், திங்கட்கிழமை ரொட்டிக்கடையை நம்பிப் போகாதீர்கள். கோடை வாரயிறுதி மதியங்களில் மோட்டார் சைக்கிள் கூட்டம் வரும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் சோவில் காபி குடிக்கலாம்.

தெம்பு மிச்சமிருந்தால் சோவிலிருந்தே வான்தூ மலை ஏறலாம்: 26 கி.மீ., சராசரி 4.4 சதவீதம். பெதுவான் பக்கத்து 21 கி.மீ., 7.5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது தாராள மனசு. முதல் இருபது கிலோமீட்டர் இதமாகப் போய், கடைசி ஆறில்தான் மரமே இல்லாத வெள்ளைக் கல்வெளி. ஆனால் மிஸ்த்ரால் காற்று வீசும் நாளில் வேண்டாம். பள்ளத்தாக்குக்குள் காற்று அடங்கியிருப்பதை நம்பி உச்சிக்குப் போனால் முன்சக்கரத்தை யாரோ பிடுங்குவது போல இருக்கும். இறக்கத்தில் ஆழமான ரிம் உள்ள சக்கரம் அங்கே ஆபத்து. லாவெண்டர் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை.

கியாந்தி: தார் இல்லாததே காவல்

இங்கே வேறு கணக்கு. காருக்கு மாற்றுவழி இருப்பதோடு, சாலையே கார்க்காரரை விரட்டுகிறது. சியெனாவைச் சுற்றிய குன்றுகளில் சுண்ணாம்புக் கல் தூவிய வெள்ளை மண்சாலைகள் இன்னும் பிழைத்திருப்பதற்கு, 1997இல் காயோலேயில் ஜியான்கார்லோ ப்ரோச்சி தொடங்கிய எரோயிக்கா பழைய சைக்கிள் ஓட்டத்துக்கும் பங்கு உண்டு. அதன் 209 கி.மீ. பாதை ஆண்டு முழுக்க வழிகாட்டிப் பலகைகளோடு திறந்திருக்கிறது. காயோலேயிலிருந்து ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும், இருபுறமும் சைப்ரஸ் நிற்கும் துண்டு மட்டும் ஓட்டினாலும் போதும், இதன் குணம் தெரிந்துவிடும்.

ஏற்றங்கள் குட்டை, ஆனால் 10, 12, 15 சதவீதம் என்று மூக்கில் குத்தும். மண்ணில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும். உட்கார்ந்தே, உடலைச் சற்று முன்னே சாய்த்து, இலகுவான கியரில் மிதிக்க வேண்டும். செயின் ஓடும் பல்சக்கரம் முன்னே 34, பின்னே 34 பல்லாவது வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 32 மி.மீ. டயரில் மூன்றரை பார் (காற்றழுத்த அளவு), 40 மி.மீ. ட்யூப்லெஸ் என்றால் இரண்டரை பார் காற்று. சாலை சைக்கிளின் 25 மி.மீ. டயரில் ஆறு பார் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்தான், வரப்பு வரப்பாக அரித்த இறக்கத்தில் ரிம் அடிபட்டு ட்யூபில் பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டையோடு நிற்கிறார்கள். அந்த வரப்புகள் மேல் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். வரப்புக்கு முன் வேகத்தைக் குறைத்து, மேலே உருள விடுங்கள்.

இன்னொரு சங்கதி, நான்கு இடங்களுக்கும் பொது. நம் ஊர் சைக்கிளில் முன் பிரேக் வலக்கையில், அங்கே வாடகைக்குத் தரும் சைக்கிளில் இடக்கையில். தெரியாமல் இறக்கத்தில் பழக்கத்தில் இடப்பிடியை இறுக்கினால் தலைக்கு மேல் பறக்க நேரிடும். கடையிலேயே பிரேக்கை மாற்றித் தரச் சொல்லலாம். கம்பி வழி பிரேக் என்றால் சில நிமிட வேலை. எண்ணெய் அழுத்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் தயங்குவார்கள், அப்போது கடை வாசலிலேயே பத்து முறை நிறுத்திப் பழகிக்கொண்டு கிளம்புங்கள்.

கியாந்தியில் தூசி கோடையின் தொல்லை, மழைக்காலத்தின் தொல்லை அதைவிடப் பெரிது. சியெனாவின் தெற்கே கிரெத்தே களிமண் நிலத்தில் ஈரமண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்து, ஓடுகிற சக்கரத்தை நிறுத்தியே விடும். நல்ல மழைக்குப் பின் இரண்டு நாள் வெயில் காயும் வரை தார்ச்சாலையிலேயே ஓட்டுங்கள். அறை பதிவு செய்யும்போதே, சைக்கிள் கழுவ முற்றத்தில் குழாய் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.