மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

மனநல மருத்துவரிடம் போவதையே மறைத்தவர்கள், இப்போது "மாத்திரையா, கவுன்சலிங்கா?" என்று வெளிப்படையாகக் கேட்கிறார்கள். நல்ல மாற்றம்.

வேகம்: மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பேச்சு சிகிச்சைக்கு, அதாவது நிபுணரோடு பேசி எண்ணங்களைக் கையாளப் பழகுவதற்கு, பெரும்பாலும் 8 முதல் 20 அமர்வுகள்.

செலவு: மாத்திரை பொதுவாக மலிவு. அமர்வுகள் பணமும் நேரமும் கேட்கும்.

நீடிப்பு: இங்கே பேச்சு சிகிச்சைக்கே என் ஓட்டு. கற்ற பயிற்சி பிறகும் கைகொடுக்கும். மாத்திரையைக் குணமான பின்னும் சுமார் 6 மாதம் தொடரச் சொல்வார்கள். 'அதான் சரியாகிவிட்டதே' என்று சட்டென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம். அப்புறம் நோயே திரும்பலாம்.

லேசான மனச்சோர்வென்றால் பேச்சில் தொடங்கலாம். கடுமையானால் இரண்டும் சேர வேண்டும். மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது போன்ற நோய்), இருமுனைக் கோளாறு (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) என்றால் மருந்துதான் அடிப்படை, பேச்சு துணைக்கு.