கொட்டகையா, வீடுகளா: நாய் மீட்பில் பணம் எங்கே கரைகிறது

மீட்ட நாய்களைத் தங்கவைக்க இரண்டு வழி இருக்கிறது. இடம் பிடித்துக் காப்பகம் கட்டலாம், அல்லது தத்துப் போகும்வரை ஆளுக்கொன்றாக, தற்காலிகமாக வளர்த்துக் கொடுக்கும் ஃபாஸ்டர் வீடுகளில் விடலாம். நாங்கள் ஃபாஸ்டர் பக்கம். கீழே வரும் கணக்கை அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை, உண்ணி மருந்து ஆகியவற்றின் செலவு நாய் எங்கே படுத்தாலும் ஒன்றுதான். தீனியும் ஏறக்குறைய அப்படியே. 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளுக்கு 250 கிராம் உலர்தீனி என்று வைத்தால், 40 நாய்க்கு மாதம் 300 கிலோ ஆகும். மொத்தமாக வாங்குவதால் காப்பகத்துக்குக் கொஞ்சம் மிச்சமாகும், எலியும் ஈரமும் அந்த மிச்சத்தைத் தின்னாமல் இருந்தால்.

வித்தியாசம் ஆள்கூலியில்தான் தொடங்குகிறது. காப்பகங்களுக்கு வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வரும் குறைந்தபட்ச அளவு, நாய் ஒன்றுக்கு நாளுக்கு 15 நிமிடம். அதில் 9 நிமிடம் சுத்தம் செய்ய, 6 நிமிடம் தீனி வைக்க. 40 நாய்க்கு 10 மணி நேரம். ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. வாரம் 70 மணி நேரம் என்றால் குறைந்தது இரண்டு சம்பளம். மருந்து கொடுப்பது, நடக்கக் கூட்டிப் போவது, தத்தெடுக்க வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் இதற்கு மேல்.

பத்து நாய் தத்துப் போனால் தீனிச் செலவு கால்வாசி குறையும். வாடகையும் மின்கட்டணமும் அசையாது. சம்பளமும் அப்படித்தான், பத்து நாய் போனதற்காக ஓர் ஆளை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. ஃபாஸ்டரில் நாய் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றே அதன் செலவும் கிளம்பிவிடும். எங்கள் முடிவு நின்றது இந்த ஒன்றின் மேல்தான்.

எத்தனை நாயை மீட்டோம் என்பதைவிட, ஒவ்வொன்றும் எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு நாய் வருகிறது, சராசரியாக 60 நாள் தங்குகிறது என்றால் எப்போதும் கையில் 30 நாய் இருக்கும். அதையே 40 நாளாகக் குறைத்தால் 20 நாய். மீட்கும் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு சுமை இறங்கிவிட்டது. வீட்டில் வளரும் நாயைப் பற்றி, குழந்தைகளோடு எப்படி, பூனையைக் கண்டால் என்ன செய்யும், தனியாக விட்டால் குரைக்குமா என்று ஃபாஸ்டர் கொடுப்பவர் சொல்ல முடியும். கூண்டில் இருக்கும் நாயைப் பற்றி அதைச் சொல்ல ஆளில்லை. தத்தெடுக்க வருகிறவரின் தயக்கம் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான். தவிர, காலியான கூண்டு காலியாகவே இருப்பதில்லை. இடம் இருப்பது தெரிந்தால் வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் வருவார்கள்.

அடுத்தது பார்வோ, முக்கியமாகக் குட்டிகளைத் தாக்கும், மலத்தின் வழியே பரவும் வைரஸ் நோய். காப்பகக் கணக்கை ஒரே வாரத்தில் குப்புறத் தள்ளக்கூடியது இதுதான். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணத் தரைக் கழுவிகளில் பல இதைக் கொல்வதில்லை. முதலில் மலத்தை அகற்றி, சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. பலர் தவறுவது இங்கேதான். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்யவே முடியாது என்பதால் பூசிய தரை, வடிகால், மூடிய சுவர் என்று கட்டுமானச் செலவும் ஏறுகிறது. ஒரு குட்டிக்கு நோய் கண்டால் புதுவரவையும் தத்துக் கொடுப்பதையும் இரண்டு வாரமாவது நிறுத்த வேண்டும். அந்த நாட்களில் ஒரு நாயும் வெளியே போகாது, சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஃபாஸ்டரில் நோய் ஒரு வீட்டோடு நிற்க வாய்ப்பு அதிகம், தடுப்பூசி முடியாத குட்டிகள் உள்ள வீட்டில் புதுநாயை விடாமல் இருந்தால்.

ஃபாஸ்டரும் இலவசமில்லை. யார் எந்த மருத்துவரிடம் போவது, கேட்காமல் எவ்வளவுவரை செலவழிக்கலாம், நாயைத் திருப்பித் தர எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை எழுதி வாங்காவிட்டால் எதிர்பாராத பில் வந்து நிற்கும். தீனியையும் மருந்தையும் பொருளாகவே கொடுப்பது நல்லது. கைக்காசு போட்டு ரசீதுக்காக அலைபவர் சண்டை போட மாட்டார், அடுத்த நாய்க்கு போனை எடுக்க மாட்டார். அந்த நாயையே தத்தெடுத்துக்கொண்டு பட்டியலிலிருந்து மறைபவர்களும் உண்டு (கோபித்துக்கொள்ளவும் முடியாது). நடுராத்திரியில் திரும்பி வரும் நாய்க்காக ஏதாவது விடுதியில் இரண்டு இடம் பேசி வைத்திருக்க வேண்டும். வீடுகள் முப்பதைத் தாண்டினால் ஒருங்கிணைக்கவே சம்பளத்துக்கு ஆள் தேவைப்படலாம். அந்த அளவில் ஃபாஸ்டரின் மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம்.

நன்கொடை திரட்டுவதில் காப்பகத்துக்கே வெற்றி. சுவரில் பெயர் பொறிக்கலாம், கூரையைப் படம் எடுத்துக் காட்டலாம். ஆனால் கட்டக் கொடுப்பவர் கூட்டிப் பெருக்கக் கொடுப்பதில்லை. கால் முறிந்த நாயின் படத்துக்குப் பணம் கொட்டும், தோல்நோய் நாய்க்கு வராது. அதனால் வேண்டுகோளிலேயே ‘மிஞ்சினால் மற்ற நாய்களின் சிகிச்சைக்கு’ என்று எழுதிவிட வேண்டும். எழுதாமல் மாற்றிச் செலவழித்தால் அது வாக்குத் தவறுவது.

கடித்த வரலாறு உள்ள நாய், ரேபிஸ் சந்தேகத்தில் 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டிய நாய், ஒரே இடத்திலிருந்து மொத்தமாக மீட்ட கூட்டம் ஆகியவற்றை வீடுகளில் விட முடியாது. இவற்றுக்காகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நாற்பது கூண்டு வேண்டாம், நான்கு போதும். நடுவே தடுப்புக் கதவு வைத்து இரண்டு பாகமாகக் கட்டினால் நாயை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைக் கைபடாமல் கழுவலாம். வடிகால் கூண்டுக்குக் கூண்டு தனியாக இருக்கட்டும். முதல் செங்கல் வைக்கும் முன் மூன்று மாதச் சம்பளமும் வாடகையும் வங்கியில் இருக்க வேண்டும்.