நாலு வருடமாக ஓட்டும் கோல்டு லேமினேஷன் மெஷின்: சுருக்கமும் கோணலும் எங்கிருந்து வருகின்றன

ஈரோட்டில் சின்னதாக ஒரு பிரின்டிங் கடை வைத்திருக்கிறேன். ஈகோ சால்வென்ட் பிரின்டர் (கரைப்பான் கலந்த மையில் அச்சிடுவது) ஒன்று, 1600 மி.மீ. கோல்டு லேமினேஷன் மெஷின் (பசை தடவிய பிளாஸ்டிக் ஃபிலிமை, சூட்டால் உருக்காமல் அழுத்தத்தால் பிரின்ட் மேல் ஒட்டுவது) ஒன்று, கூட வேலைக்கு இரண்டு பையன்கள். லேமினேஷன் மெஷின் வந்து நாலு வருடம் முடிந்துவிட்டது. மேலே லேசாகச் சூடேறும் சிலிக்கான் ரோலர், கீழே சூடில்லாத ரப்பர் ரோலர், அழுத்தத்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனிக் கைச்சக்கரம், காலில் மிதிக்கும் சுவிட்ச். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதிக்கு மேல் எந்த மெஷினிலும் வரக்கூடியவைதான்.

வாங்கிய வருடம் தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு 12 மீட்டர் வினைல் (பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் ஷீட்), மேலே பளபளப்பான கிளாஸ் லேமினேஷன். முதல் இரண்டு மீட்டர் கண்ணாடி மாதிரி வந்தது. அப்புறம் பையன், "அண்ணா, இடது பக்கம் போகுதுங்கண்ணா" என்றான். பார்த்தால் லேமினேஷன் ஓரம் வினைல் ஓரத்தை விட்டு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது, நடுவில் சாய்வாக ஒரு மடிப்பு கிளம்பி ரோலருக்குள் போய்க்கொண்டிருந்தது. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து இரண்டு சக்கரத்தையும் இறுக்கினேன். ஒரு மடிப்பு மூன்றானது. அந்த 12 மீட்டரும் போச்சு. ராத்திரியே மறுபடி பிரின்ட் எடுத்து, காய விடாமல் மூன்று மணி நேரத்தில் லேமினேட் செய்து, விடியற்காலையில் ஒட்டிக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் ஓரமெல்லாம் சுருங்கி, கண்ணாடியில் பசை விளிம்பு தெரிந்தது. அந்தக் கடைக்காரர் இன்றும் என்னிடம்தான் வருகிறார், ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். நாலு வருடத்தில் நான் கண்டது இதுதான்: மடிப்பு வந்ததும் எல்லோர் கையும் அழுத்தச் சக்கரத்துக்குத்தான் போகிறது, ஆனால் தப்பு பெரும்பாலும் லேமினேஷன் ரோல் எவ்வளவு இறுக்கமாக அவிழ்கிறது என்பதில் இருக்கிறது. இல்லாவிட்டால் முதல் ஒரு அடியை எப்படி உள்ளே விட்டோம் என்பதில்.

மடிப்பு எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஓடும் திசையிலேயே நேர்கோடாக, வாய்க்கால் வெட்டினது போல வந்தால் ஃபிலிம் தொய்வாக அவிழ்கிறது, அல்லது வினைல் ஓரம் ஏற்கெனவே அலை அலையாக இருக்கிறது. ஒரு ஓரத்தில் கிளம்பி மறு ஓரத்தை நோக்கிச் சாய்வாகப் போனால் இரண்டு பக்கமும் சமமில்லை. அழுத்தமாக இருக்கலாம், ரோல் கோணலாக மாட்டப்பட்டிருக்கலாம், தரையே மேடுபள்ளமாக இருந்து மெஷின் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கலாம் (எனக்கு அந்த மூன்றாவதும் இருந்தது, ஒரு காலுக்கு அடியில் தகடு வைத்து, ரசமட்டம் போட்டுப் பார்த்துச் சரிசெய்தேன்). இரண்டு ஓரமும் நன்றாக ஒட்டி நடுவில் மட்டும் சுருங்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். நம்புவது கஷ்டம், ஆனால் உண்மை. ரோலரை அழுத்துவது இரண்டு முனையில்தான், அளவுக்கு மீறி இறுக்கினால் ரோலர் வில்லாக வளைந்து நடுவில் பிடி விட்டுப்போகும். தீபாவளி அன்று நான் செய்தது அதைத்தான்.

அழுத்தம் சமமா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஏ4 தாளை இரண்டு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் வைத்து ரோலரை இறக்குங்கள். ஒவ்வொன்றையும் கையால் இழுத்தால் ஒரே மாதிரி பிடிப்புத் தெரிய வேண்டும். ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து இன்னொன்று கிழிந்தால் அந்தந்தப் பக்கச் சக்கரத்தைத் தனியாகத் திருத்த வேண்டும். மாதம் ஒரு தடவை இதைச் செய்கிறோம், சரியான நிலை கிடைத்ததும் இரண்டு சக்கரத்திலும் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

இப்போது பிரேக். லேமினேஷன் ரோல் மாட்டும் தண்டின் முனையில் ஒரு திருகு இருக்கும், அதை இறுக்கினால் ரோல் தடுத்துத் தடுத்து அவிழும். ஃபிலிமில் தொய்வுக் கோடு மறைகிற அளவு இறுக்கினால் போதும், அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். அதிகமானால் ஃபிலிம் இழுபட்டு நீண்ட நிலையில் வினைலில் ஒட்டும், வெளியே வந்ததும் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அப்போதுதான் ஓரம் மேல்நோக்கிச் சுருளும், அல்லது மறுநாள் காலையில் புழு ஓடினது போலக் குழாய் குழாயாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். முதலில் ஓர் அடி நீளம் கழிவு வினைலில் ஓட்டி, வெட்டி, மேசையில் படம் மேலே தெரியும்படி வைக்கிறேன். தட்டையாகக் கிடந்தால் சரி. ஓரம் எழும்பினால் பிரேக்கைத் தளர்த்த வேண்டும்.

இதில் எனக்கு இரண்டு வருடம் பிடிபடாத ஒரு விஷயம் இருந்தது. காலையில் சரியாக வைத்த பிரேக், மாலையில் அதே ரோலில், அதே வினைலில் ஓரத்தைச் சுருட்டும். யாரும் திருகைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் ரோலை அளந்து பார்த்தேன். 50 மீட்டர் முழு ரோல் கிட்டத்தட்ட 14 செ.மீ. விட்டம், கோர் (நடுவில் இருக்கும் குழாய்) பக்கம் வரும்போது 9 செ.மீ. பிரேக் தடுக்கும் விசை மாறவில்லை, ஆனால் ரோல் சிறுத்துப்போனதால் அதைச் சுழற்ற ஃபிலிம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலமாக இழுபடுகிறது. கிணற்று ராட்டின உருளை சின்னதாக இருந்தால் எவ்வளவு பலம் போட்டு இழுக்க வேண்டியிருக்கும், அதே கதைதான். இப்போது ரோல் பாதி ஆனதும் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறோம், கால்வாசி ஆனதும் இன்னும் கொஞ்சம். இந்த ஒரு மாற்றத்தால் எனக்குக் குறைந்த கழிவு, மற்ற எல்லாம் சேர்ந்து குறைத்ததைவிட அதிகம்.

கோணல் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே விடும்போது ஓர் அடியில் 1 மி.மீ. சாய்ந்தால் 10 மீட்டர் முடிவில் 3 செ.மீ.க்கு மேல் விலகியிருக்கும். நடுவில் கையால் இழுத்துத் திருத்த முடியாது, இழுத்தால் விலகல் மடிப்பாக மாறும். அதனால் பிரின்ட் எடுக்கும்போதே படத்துக்கு முன்னால் 40 செ.மீ. வெற்று வினைல் விடுகிறோம், முன் விளிம்பை இரும்பு ஸ்கேல் வைத்து நேராக வெட்டுகிறோம், அந்த வெற்றுப் பகுதி ரோலருக்குள் போகும்போதே ஓரம் நேராகப் போகிறதா என்று முடிவு செய்கிறோம். போகவில்லையா, அங்கேயே நிறுத்தி, ஃபிலிமை வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பம். 40 செ.மீ. வினைல் போனால் போகட்டும். அளவு பார்ப்பது வினைல் ஓரத்தை வைத்து, படத்தின் ஓரத்தை வைத்து அல்ல, ஏனென்றால் பிரின்டரிலேயே படம் சற்றுச் சாய்ந்து அச்சாகியிருக்கலாம்.

வினைலும் லேமினேஷனும் ஒரே 1370 மி.மீ. அகலம் என்றால் இரண்டும் நூல் பிடித்தது போலப் பொருந்தாது. ஃபிலிம் சற்று வெளியே நீண்டால் அதன் பசை கீழ் ரோலரில் ஒட்டும், அடுத்த ஓட்டத்தில் அந்தப் பக்கம் மட்டும் வினைலைப் பிடித்து இழுக்கும், கோணலும் ஆரம்பிக்கும். நான் 1370 வினைலுக்கு 1270 ஃபிலிம்தான் போடுகிறேன், படத்தை 1250-க்குள் வைக்கிறேன். ஓரம் வீணாகிறது என்று சிலர் சொல்வார்கள். ரோலர் சுத்தமாக இருப்பது எனக்கு அதைவிட முக்கியம். ரோலரில் பசை இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மெஷின் ஆறிய பிறகு துடையுங்கள், பிளேடு மட்டும் வைக்காதீர்கள். சிலிக்கானில் ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கோடு பிரின்டில் விழும்.

மழைக்காலம் தனிக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் வினைலின் பின்தாள் ஈரம் வாங்கி ஓரம் அலை அலையாகும், எந்த அமைப்பு வைத்தாலும் மடிப்பு வரும். ரோலை எப்போதும் பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, தரையில் படுக்கப் போடாமல் கோரில் கம்பி செருகித் தொங்கவிடுகிறோம். சால்வென்ட் பிரின்ட் குறைந்தது 24 மணி நேரம், அடர் நிறம் என்றால் 48 மணி நேரம், தளர்வாக விரித்து வைத்தால்தான் காயும், இறுக்கிச் சுருட்டி வைத்துவிட்டு மணிக்கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. தீபாவளி ஆர்டருக்கு இப்போது இரண்டு நாள் முன்னதாகவே கடைசித் தேதி வைத்துவிடுகிறேன், கஸ்டமர் கோபித்தாலும்.

இன்னொன்று, பெரிய படத்தைத் துண்டு துண்டாக ஒட்டுகிறவர்களுக்கு. மூன்று மீட்டர் உயரத்தில் மூன்று துண்டு, இரண்டாவது துண்டு 4 மி.மீ. நீண்டு, எழுத்துகள் இணைப்பில் பொருந்தாமல் நின்றன. பிரின்டரைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் அந்தத் துண்டு வெளியே வரும்போது பையன் உதவியாக இருக்கட்டும் என்று முன்னால் நின்று இழுத்திருக்கிறான், ரோலர் சூடும் 55 டிகிரியில் இருந்திருக்கிறது. வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்தான், சூடானால் இழுத்த இழுப்புக்கு நீளும். இப்போது சூடு 40 டிகிரி, துண்டுகளை வெட்டாமல் ஒரே ஓட்டமாக லேமினேட் செய்து பிறகுதான் வெட்டுகிறோம், வெளிவரும் பக்கம் யாரும் கை வைப்பதில்லை.

மெஷினைப் பற்றி: கால் சுவிட்ச் இரண்டு தடவை மாற்றினேன், ஹீட்டர் ஒரு தடவை. ஒருநாள் ராத்திரி ரோலரை இறக்கியபடியே விட்டுப்போனதில் சிலிக்கானில் ஒரு இடம் தட்டையாகி, ஒரு வாரம் ஒவ்வொரு சுற்றுக்கும் மங்கலான பட்டை தெரிந்தது, பிறகு மெல்ல மறைந்தது. ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனாலும் அதே போன்ற பட்டை விழும், அதனால் யுபிஎஸ் போட்டுவிட்டேன். அடுத்த மெஷின் வாங்கினால் காற்றழுத்தத்தில் இறங்கும் ரோலர்தான் வாங்குவேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தும்.

எனக்கு இன்னும் சரிப்படாதது ஒன்-வே விஷன் (வெளியே படம் தெரியும், உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும் கண்ணாடி வினைல்). ஓட்டை ஓட்டையாக இருப்பதால் லேசாக இழுத்தாலே நீள்கிறது, ஆறு மீட்டருக்கு மேல் போனால் ஏதாவது ஒரு ஓரம் சுருங்குகிறது. இப்போதைக்குச் சூட்டை முழுதாக அணைத்து, பிரேக்கை ஏறக்குறைய விட்டுவிட்டு, மிக மெதுவாக ஓட்டி மூன்று மூன்று மீட்டராக எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது 10 மீட்டர் ஒரே ஓட்டமாகச் சுருக்கமில்லாமல் எடுத்திருந்தால் பிரேக், சூடு, வேகம் மூன்றையும் எப்படி வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.