பாணா, குரக்கன் பிட்டா?

இரவு 8 மணிக்கு வெள்ளவத்தைப் பேக்கரிப் பக்கம் போனால் சூடான பாண் வாசனை ஆளை இழுத்துவிடும். பருப்பும் சம்பலும் இருந்தால் சாப்பாடு முடிந்தது. ஒரு நாளைக்குச் சரி. இருபது வருடமும் அதுவே என்றால்? தவிடு நீக்கிய கோதுமை மா விரைவில் குளுக்கோஸாகிறது. இரத்தத்தில் தொடர்ந்து கூடி நிற்கும் சீனி, இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் ஒட்டி அதை விறைக்க வைக்கிறது. முதுமை முந்தி வருவது இப்படியும்தான்.

குரக்கன் (கேழ்வரகு) பிட்டு அவிக்க நேரம் வேண்டும், உண்மை. ஆனால் 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம், தவிட்டோடு நார்ச்சத்து. அம்மாவுக்கு அறுபது தாண்டியதும் வாரத்தில் நான்கு இரவு இதற்கு மாறினோம். மா கொஞ்சம் கரகரப்பாக இருக்கட்டும். நைசாக அரைத்தால் சீக்கிரம் செரித்துவிடும். தேங்காய்ப்பூ அளவோடு, பக்கத்தில் ஒரு கீரைக்கறி. எனக்கு இதுதான்.