இருட்டாக எடுத்து ஏற்றுவதா, நிரப்பி எடுத்து இறக்குவதா?

தஞ்சாவூர் பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. சாயங்காலம் நந்தி மண்டபத்துப் பக்கம் நின்று விமானத்தைப் பார்த்தால் சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். வானம் தகதகக்கும், நம்மைப் பார்த்த பக்கத்துக் கல் முழுக்க நிழலில் கிடக்கும். கேமராவில் கல்லின் வெளிச்சத்துக்கு அளந்து படம் எடுத்தால் வானம் வெள்ளைத்தாள், வானத்துக்கு அளந்து எடுத்தால் விமானம் கரிக்கட்டை.

இந்த மாதிரி இடத்துக்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ரெண்டு ஸ்டாப் அண்டர்ல எடு, ராவுல தூக்கிக்கலாம்." ஸ்டாப் என்பது வெளிச்சத்தின் ஒரு படி, ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். அண்டர் என்றால் தேவைக்குக் குறைவான வெளிச்சத்தில் எடுப்பது, ரா என்றால் கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு, தூக்குவது என்றால் அதைக் கணினியில் பிரகாசமாக்குவது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பல வருஷம் அப்படியே எடுத்தேன். அதில் பாதிதான் சரி. எதைக் காப்பாற்றக் குறைக்கிறோம், எவ்வளவு குறைத்தால் போதும் என்று கேட்காமல் பழக்கத்துக்குக் குறைப்பதால் நல்ல நல்ல படங்கள் வீணாவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அண்டர் வழியின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையான பலம். கேமராவில் வெளிச்சத்தைப் பதியும் சில்லான சென்சாரில் ஒரு பிக்சல் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வரும் வெளிச்சத்தை அது பதியவே பதியாது. அங்கே மேகம் இருந்ததா, வேட்டி மடிப்பு இருந்ததா என்று எந்த மென்பொருளைக் கேட்டாலும் ஊகம்தான் கிடைக்கும். நிழல் பக்கம் அப்படிச் சட்டென்று ஒரு சுவர் வராது, விவரம் கொஞ்சங்கொஞ்சமாக நாய்ஸில், அதாவது மணல் தூவியது மாதிரித் தெரியும் புள்ளிகளில், முங்கும். ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தவர்களுக்கு இது பழைய செய்தி, அவர்கள் எப்போதும் ஹைலைட்டுக்குத்தான், அதாவது படத்தின் மிக வெளிச்சமான பகுதிக்குத்தான், அளப்பார்கள். நெகட்டிவ் ஃபிலிம் நேர் எதிர். ஒரு ஸ்டாப் ஓவர் போனாலும் தாங்கும், அண்டர் போனால்தான் தொல்லை. நெகட்டிவில் கைபழகியவர்கள் டிஜிட்டலுக்கு வந்ததும் அதே கையோடு தாராளமாக எடுத்தால் வெள்ளையெல்லாம் எரிந்து, விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடும். அந்தச் சூடு பட்டவர்களுக்கு "அண்டர்ல எடு" நல்ல மருந்து.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பலரும் கணக்குப் பார்ப்பதில்லை. வெளிச்சம் ஃபோட்டான் என்கிற துகள் துகளாக வருகிறது, மழைத்துளி மாதிரி, ஒரே சீராக விழாது. ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் அதில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம், அதாவது நாய்ஸ், அதன் வர்க்கமூலம், 100. சிக்னல், அதாவது விழுந்த வெளிச்சம், நாய்ஸைப் போல 100 மடங்கு. அதே இடத்தை நாலு ஸ்டாப் குறைத்து எடுத்தால் பதினாறில் ஒரு பங்கு, 625 ஃபோட்டான்தான் விழும். ஏற்ற இறக்கம் 25, விகிதமும் 25. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் எக்ஸ்போஷர் ஸ்லைடரை +4 தள்ளினால் படமும் நாய்ஸும் சேர்ந்து பதினாறு மடங்கு ஏறுமே தவிர விகிதம் 25-ஐ விட்டு நகராது. வராத வெளிச்சத்தை ஸ்லைடர் வரவழைக்காது.

இதோடு சென்சாரைப் படிக்கும்போது கேமரா தானாகச் சேர்க்கும் நாய்ஸ் ஒன்றும் உண்டு, அது உங்கள் கையில் இருக்கும் கேமரா பாடியைப் பொறுத்தது. 2012-ல் நிக்கான் டி800-ம் கேனான் 5டி மார்க் 3-ம் வந்தன. அடிப்படை ஐஎஸ்ஓவில் (ஐஎஸ்ஓ என்பது கேமரா சிக்னலைப் பெருக்கும் அளவு) எடுத்து நாலு ஸ்டாப் தூக்கினால் டி800 சமாளிக்கும், 5டி மார்க் 3-ல் நிழல் முழுக்கக் கோடுகோடாகத் தெரியும். 2016-ல் 80டி, 5டி மார்க் 4 வந்தபோது கேனான் டிஜிட்டலாக மாற்றும் பகுதியைச் சென்சார் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்தது, அந்தக் கோடும் பெருமளவு அடங்கியது. ஆகவே "என் கேமராவில் நாலு ஸ்டாப் தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தப் பாடியில் எடுத்தார் என்று முதலில் கேளுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தை, எரியாத அளவுக்கு வலது ஓரம் வரை தள்ளி எடுத்து, பிறகு கணினியில் இறக்குவது. 2003-ல் மைக்கேல் ரீக்மன் என்ற கனடாக்காரர், ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலோடு பேசிய பிறகு எழுதிப் பரப்பிய முறை இது. அவர் அப்போது சொன்ன காரணம் எண்ணிக்கைக் காரணம்: 12 பிட் ஃபைலில் வெளிச்சத்துக்கு 4,096 படிகள் இருந்தால் மேல் ஸ்டாப்புக்கு மட்டுமே 2,048 போய்விடும், கீழே போகப் போகப் பாதி பாதியாகத் தேயும். கணக்கு சரிதான், ஆனால் முக்கியமான காரணம் மேலே சொன்ன ஃபோட்டான் கணக்கு. வலது பக்கம் தள்ளினால் நிழலில் வெளிச்சம் அதிகம் விழுகிறது, அவ்வளவுதான். பாறை, காடு, கடற்கரை என்று அசையாத காட்சிக்கும் யோசித்து எடுக்க நேரம் இருக்கிற இடத்துக்கும் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஹிஸ்டோகிராம். கேமராவின் முதுகில் தெரிவது ரா ஃபைலின் ஹிஸ்டோகிராம் அல்ல, கேமரா தனக்குள் செய்யும் ஜேபெக்கினுடையது. அதில் கான்ட்ராஸ்ட் ஏற்றியிருக்கும், நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸ் போட்டிருக்கும். பல கேமராக்களில் அது "எரிந்துவிட்டது" என்று சிமிட்டிய பிறகும் ராவில் அரை ஸ்டாப், சில நேரம் ஒரு ஸ்டாப் கூட மிச்சம் இருக்கும். அந்தச் சிமிட்டலைப் பார்த்துப் பயந்து இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்தால் சும்மா கிடைத்த இடத்தையும் சேர்த்து ஒன்றரை ஸ்டாப்பைத் தூக்கி எறிகிறோம். உங்கள் கேமராவில் எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். வெயிலில் காயும் ஒரு வெள்ளை வேட்டியை எடுங்கள், கால் ஸ்டாப்போ மூன்றில் ஒரு ஸ்டாப்போ ஏற்றிக்கொண்டே போய்ப் பத்துப் படம் எடுங்கள், லைட்ரூமில் எக்ஸ்போஷரை இறக்கும்போது எந்தப் படத்தில் நூலிழை திரும்ப வரவில்லை என்று பாருங்கள். அதற்கு முந்தைய படம்தான் உங்கள் எல்லை. நான் இதைச் செய்த பிறகு, அதுவரை எடுத்த படங்களில் பாதிக்கு மேல் தேவையில்லாமல் அண்டரில் எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது, மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்னொன்று, வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராமை நம்பாதீர்கள், மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரிவதை வையுங்கள். அரக்குச் சிவப்புப் பட்டிலும் செம்பருத்தியிலும் சிவப்பு மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், மொத்த வெளிச்சம் நடுவிலேயே இருப்பதாகக் கேமரா காட்டும். அந்தப் பட்டில் நெசவு போய் ஒரே சிவப்புத் தகடாக வருவது இதனால்தான்.

ஐஎஸ்ஓ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐஎஸ்ஓ 100-ல் எடுத்து ஐந்து ஸ்டாப் தூக்குவதும், அதே ஷட்டர், அதே அப்பர்ச்சரில் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுப்பதும் நிழலில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வருகிற கேமராக்கள் இருக்கின்றன. அவற்றில் ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்தால் ஹைலைட் பத்திரம். ஆனால் சோனி ஏ7 3-ல் ஐஎஸ்ஓ 640-லும் நிக்கான் இசட்6-ல் 800-லும் சென்சார் வேறு கெயினுக்கு, அதாவது சிக்னலைப் பெருக்கும் வேறு அளவுக்கு, மாறுகிறது. அந்தச் சோனியில் 500-ல் எடுத்துத் தூக்கிய நிழலைவிட 640-ல் எடுத்த நிழல் சுத்தமாக இருக்கும். அந்தப் படியைத் தாண்டி வைத்துக்கொண்டு பிறகு தூக்குவதுதான் புத்தி. கேமரா ஸ்க்ரீனில் படம் கருப்பாகத் தெரிந்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் பதறுவார்கள் என்பதும் நடைமுறையில் ஒரு விஷயம், பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்து "என்னப்பா ஒண்ணும் விழலையா?" என்று கேட்டால் அந்த நேரத்தில் சென்சார் பாடம் எடுக்க முடியாது.

பிராக்கெட்டிங் என்கிற மூன்றாவது வழி, அதாவது இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து லைட்ரூமில் ஒன்றாகச் சேர்ப்பது, சுத்தமான நிழல் வேண்டும் என்றால் இதுதான் முதல். ஆனால் ஆள் நடமாடும் இடத்தில் பேய் மாதிரி இரட்டை உருவம் வரும், அதைச் சரிசெய்யும் வசதி சில நேரம் வேலை செய்யும், சில நேரம் ஒரு கையை விழுங்கிவிடும். இந்தியத் தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள கோயில்களில் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க விட மாட்டார்கள், கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், ஆகவே ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும் மூன்றாவது படம் ஆடிப்போகும்.

பெரிய கோயிலில் ஒரே சாயங்காலம் மூன்று விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். நாலு ஸ்டாப் அண்டரில் எடுத்ததைத் தூக்கியபோது வானம் அப்படியே இருந்தது, ஆனால் விமானத்தின் கோட்டங்களில் (சிற்பம் நிற்கும் சுவர் மாடங்களில்), அந்தச் சிற்பங்களின் கழுத்தடியிலும் கால் மடிப்பிலும், பச்சையும் ஊதாவும் திட்டுத்திட்டாகக் கிளம்பின. நாய்ஸை அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு போய் மெழுகு பூசியது போல ஆனது. பிராக்கெட்டிங்கில் கல் அருமையாக வந்தது, பிராகாரத்தில் நடந்த ஒரு குடும்பம் மட்டும் பாதி கரைந்து போனது. ஹைலைட்டை எல்லை வரை தள்ளி எடுத்ததில் சூரியனை ஒட்டிய சின்ன வட்டம் மட்டும் எரிந்து, இரண்டு ஸ்டாப்புக்கும் குறைவாகத் தூக்கினாலே கல் உயிரோடு எழுந்து வந்தது. அந்த வட்டத்தை விட்டுக்கொடுக்கத் துணிந்ததால் கிடைத்த படம் அது. சூரியன் எரியத்தான் செய்யும், கண்ணால் பார்த்தாலும் அங்கே விவரம் இல்லை, அதைக் காப்பாற்றப் போய் ராஜராஜன் கட்டிய கல்லைக் கொடுக்க வேண்டுமா? அப்புறம், முன்பக்கத்துச் சிற்ப விவரம்தான் வேண்டும் என்றால் காலையில் வாருங்கள், கிழக்கு வெயில் நேராக அதன்மேல் விழும், எந்த ஸ்லைடரும் தேவைப்படாது.

கேமராவிலேயே இருக்கும் உதவிகளில் நிக்கான் 2014 முதல் தரும், ஹைலைட் எரியாதபடி அளக்கும் ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் எனக்குப் பிடிக்கும், மேடை நிகழ்ச்சிகளுக்கு ரொம்பப் பொருந்தும். ஹைலைட்டைக் காப்பாற்றும் வசதிகளில் கேனானின் ஹைலைட் டோன் பிரையாரிட்டி ஒரு ஸ்டாப், ஃபியூஜிஃபில்மின் டிஆர்400 இரண்டு ஸ்டாப் குறைத்துத்தான் ராவிலும் பதிகின்றன. அதைத் தெரியாமல் போட்டுவிட்டு மேலே நீங்களும் அண்டரில் எடுத்தால் குறைப்பு இரட்டிப்பாகிவிடும்.

கல்யாணத்தில் கதை வேறு, அங்கேதான் அண்டர் வழியை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன், ஒரு வரம்போடு. தாலி கட்டும் நேரம் சில நொடி. மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி சட்டை, பெண்ணுக்கு ஜரிகைப் பட்டும் கழுத்து நிறைய நகையும், பக்கத்தில் ஹோமப் புகை, எதிர்பாராமல் பக்கவாட்டிலிருந்து வீடியோ லைட். அந்த நேரத்தில் ஹிஸ்டோகிராம் பார்க்க யாருக்கும் முடியாது, எரிந்தால் எரிந்ததுதான், "இன்னொரு தடவை கட்டுங்க" என்று கேட்கவும் முடியாது. ஆகவே எல்லையிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் கீழே வைத்துக்கொள்வேன். அதற்குக் கீழே போக மாட்டேன். ஒரு கல்யாணத்தில் பயத்தில் மூன்று ஸ்டாப் அண்டரில் எடுத்துவிட்டேன். வேட்டியில் ஒவ்வொரு மடிப்பும் இருந்தது. பின்வரிசையில் நின்று அட்சதை போட்ட பாட்டியின் முகத்தைத் தூக்கினேன், மாநிறத் தோல் சாம்பலும் ஊதாவுமாகப் பிரிந்து வந்தது, கன்னத்துச் சுருக்கங்கள் நாய்ஸோடு கலந்துவிட்டன. வீட்டுக்காரர்கள் பெரிதாக்கி மாட்டக் கேட்டது அந்தப் பாட்டியின் முகத்தைத்தான், வேட்டியை யாரும் கேட்கவில்லை. நம் தோல் நிறம் சட்டையைவிட இரண்டு மூன்று ஸ்டாப் கீழே உட்கார்ந்திருக்கும், அண்டரில் எடுத்தால் முதலில் அடிபடுவது முகம்தான்.

திருத்தும்போது என் வரிசை இது: எக்ஸ்போஷரை முகத்துக்குச் சரியாக வைப்பேன், பிறகு ஹைலைட்டை இறக்குவேன், கடைசியில் மட்டும் ஷேடோவை, அதாவது நிழல் பகுதிக்கான ஸ்லைடரை, தொடுவேன், பெரும்பாலும் மாஸ்க் போட்டு வேண்டிய இடத்தில் மட்டும். ஷேடோவை +100 தள்ளினால் விமானமும் வானமும் ஒரே வெளிச்சத்தில் நின்று படம் வெளிறிப்போகும், பின்னால் சூரியன் இருக்கும்போது கல் கொஞ்சம் இருண்டுதான் இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும். நாய்ஸை நீக்கும் மென்பொருள் வசதிகளான, 2020-ல் டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைமும் 2023-ல் லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸும் வந்த பிறகு பழைய அண்டர் ஃபைல்கள் பலவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது நிஜம், அந்தப் பாட்டி படத்தையும் ஓட்டிப் பார்த்தேன், நாய்ஸ் போனது. தோலின் நிறம் முழுசாகத் திரும்பவில்லை, சுருக்கங்களில் சிலது அவருடையது மாதிரியே இல்லை.

அதனால் இப்போது முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மேடைக்குப் போய்விடுகிறேன். வீடியோ எடுக்கும் தம்பியிடம் "தாலி கட்டும்போது போடுற லைட்டை இப்ப ஒரு தடவை போடுப்பா" என்று கேட்பேன், பக்கத்தில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரர் யாரையாவது "அண்ணே, ஒரு நிமிஷம் இப்படித் திரும்பி நில்லுங்க" என்று மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் நிறுத்தி, சட்டை எல்லையைத் தொடும் வரை ஏற்றிப் பார்த்து, அங்கிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் இறக்கி மேனுவலில் பூட்டிவிடுவேன்.