பழைய பதிப்பு யார் கையில் இருக்கிறது? மருந்து லிட்டரேச்சரைப் பின்தொடர நான்கு முறைகள்

மாதவரத்தில் ஒரு டிப்போ, ராயபுரம் முதல் எண்ணூர் வரை டாக்டர்களைச் சந்தித்துச் சுற்றிவரும் பதினைந்து இருபது ரெப்கள் (மருந்து விற்பனைப் பிரதிநிதிகள்), ஒரு டிசைனர், ஒரு அச்சகம், இரண்டு மூன்று வாட்ஸ்அப் குழுக்கள். வடசென்னையில் மருந்து மார்க்கெட்டிங் செய்யும் நடுத்தர நிறுவனத்தின் அமைப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரே செய்தி டாக்டரிடம் காட்டிப் பேசும் விஷுவல் எய்டாகவும், அவர் மேசையில் விட்டுவரும் லிட்டரேச்சர் என்ற விளக்கத் தாளாகவும், டேப்லெட் ஸ்லைடாகவும், வாட்ஸ்அப் படமாகவும், மின்னஞ்சலாகவும், க்யூஆர் திறக்கும் பக்கமாகவும் உருமாறிக்கொண்டே போகிறது. இவை அத்தனைக்கும் ஒரே சீரான மெட்டாடேட்டா, அதாவது இது எது, யாருக்கு, எந்தப் பதிப்பு என்ற விவரம், வைக்க நான்கு முறைகள் புழக்கத்தில் உள்ளன. எல்லா விவரத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதுவது, கோப்புக்குள் புதைத்து வைப்பது, குறியீட்டு எண்ணை அச்சிட்டுப் பதிவேடு பராமரிப்பது, இதற்கென்றே உள்ள மென்பொருளை வாங்குவது.

நான்கையும் உரைக்க ஒரே உரைகல் போதும். 2023 டிசம்பரில், குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையை லேபிளிலும் பெட்டிக்குள் வைக்கும் குறிப்புத் தாளான பேக்கேஜ் இன்சர்ட்டிலும் சேர்க்கும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. இப்படி ஒரு அறிவிப்பு காலையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எச்சரிக்கை இல்லாத லிட்டரேச்சர் எவை, எந்த உருவத்தில், எந்த ரெப்பின் பையில், எந்த கிளினிக்கில் இருக்கின்றன என்று மாலைக்குள் சொல்ல முடிய வேண்டும். குழந்தைக்குப் போகும் சொட்டு மருந்து விஷயத்தில் இதற்குக் குறைந்த எதையும் ஏற்க முடியாது.

கோப்பின் பெயர் முறைக்குச் செலவே இல்லை, எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். மருந்து, மொழி, சேனல், தேதி என்று வரிசையாகக் கோத்து எழுதிய பெயர் டிசைனரின் கணினியில் அழகாகவே இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வழியாகப் படமாக இறங்கியதும் அந்தப் பெயர் போய்விடும், படம் வந்த தேதியும் வரிசை எண்ணும் அந்த இடத்தில் உட்காரும். அச்சுத் தாளுக்கோ கோப்புப் பெயர் என்பதே கிடையாது. மேலே சொன்ன உரைகல்லில் இது முதல் மணி நேரத்திலேயே தோற்றுவிடும்.

கோப்புக்குள் புதைக்கும் முறை அதைவிட நல்லது. பிடிஎஃப், ஜேபெக் இரண்டுமே எக்ஸ்எம்பி என்ற தரநிலைப்படி விவரங்களைத் தங்களுக்குள் சுமக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் படித்து அட்டவணையாகக் கொடுத்துவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, உள்ளே இருந்த விவரம் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். அவசரத்தில் எத்தனை ரெப்கள் டாக்குமென்ட் பொத்தானைத் தேடுவார்கள்? ஆகவே இதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவு நிறுவனத்துக்கு எங்கள் பரிந்துரை மூன்றாவது முறைதான். அதில் முதல் விதி, எண்ணுக்குள் அர்த்தம் வைக்காதீர்கள். மருந்தின் முதலெழுத்து, மொழி, மாதம் என்று எண்ணுக்குள் திணித்தால், பிராண்ட் பெயர் மாறிய நாளில் எண் பொய் சொல்லத் தொடங்கும். 100417-02 என்பது போல ஆறிலக்க வரிசை எண், அதன்பின் ஈரிலக்கப் பதிப்பு எண், அவ்வளவே. ஒன்றில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 000417 என்று அடித்தால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். 3-12 மாதிரி குட்டையான எண்ணைத் தேதியாகவே மாற்றிவிடும்.

எண்ணை எங்கே அச்சிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். பலரும் பக்கத்தின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். போனில் படம் பிடித்து அனுப்புகிறவர் முதலில் வெட்டித் தள்ளுவது அந்த ஓரத்தைத்தான். பிராண்ட் பெயருக்குக் கீழேயே, வெளிர் பின்னணியில் வையுங்கள். மருந்தை விட்டு எண்ணை மட்டும் வெட்ட யாராலும் முடியாது.

பதிவேட்டின் முதல் தாளில் எண், பதிப்பு, தாய் எண், ஜெனரிக் பெயர், யாருக்கானது, மொழி, சேனல், ஒப்புதல் தேதி, காலாவதி தேதி, நிலை ஆகியவை இருந்தால் போதும். தாய் எண் என்பது எதிலிருந்து வெட்டி எடுத்தது என்ற தகவல். விஷுவல் எய்டிலிருந்து எடுத்த வாட்ஸ்அப் படத்துக்குத் தனி எண் கொடுத்தே ஆக வேண்டும். வெட்டும்போது பக்கவிளைவுக் குறிப்பு விடுபடலாம், அதனால் மூலத்துக்குக் கிடைத்த ஒப்புதல் வெட்டிய துண்டுக்குச் செல்லாது. அறிவிப்பு வந்த நாளில் தாய் எண்ணை வைத்து வடிகட்டினால் குடும்பம் முழுவதும் ஒரே பார்வையில் வந்து நிற்கும்.

‘யாருக்கானது’ கட்டத்தில் டாக்டர், பார்மசி, நோயாளி மூன்றைத் தவிர வேறு எதையும் அனுமதிக்காதீர்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய ஷெட்யூல் ஹெச், ஹெச்1, எக்ஸ் மருந்துகளை மத்திய அரசின் அனுமதியில்லாமல் விளம்பரம் செய்ய முடியாது. டாக்டருக்கென்று செய்த படம் தெருவாசிகளின் குழுவுக்குப் போய்விட்டால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காலாவதித் தேதியும் சும்மா இல்லை. 2024 மார்ச்சில் வந்த சீரான மருந்து மார்க்கெட்டிங் நெறிமுறைப்படி, ஓராண்டுக்கு மேல் பரவலாகக் கிடைக்கும் மருந்தைப் ‘புதியது’ என்று சொல்லக் கூடாது. இன்று சரியாக இருக்கும் அட்டை அடுத்த ஆண்டு தவறாகிவிடும். அந்த நாளை இன்றே எழுதி வைக்க வேண்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03/04 என்பது ஒரு கணினிக்கு ஏப்ரல், இன்னொன்றுக்கு மார்ச்.

இரண்டாவது தாள் விநியோகத்துக்கு. எண்ணும் பதிப்பும், ரெப், பகுதி, கொடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை, தேதி. பலர் முதல் தாளோடு நின்றுவிடுகிறார்கள். ‘யார் கையில்’ என்ற கேள்விக்குப் பதில் இந்தத் தாளில்தான் இருக்கிறது. பகுதிப் பெயரைக் கையால் அடிக்க விட்டால், ஆங்கில எழுத்தில் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் ஆளுக்கொரு விதமாக வரும். பின்கோடு போதும்: ராயபுரம் 600013, தண்டையார்பேட்டை 600081, திருவொற்றியூர் 600019.

தமிழில் அடித்தாலும் ஒரு பொறி உண்டு. கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் இரண்டிலும் வரும் ‘கொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு இரண்டு வேறு ஊர்கள். பதிவேட்டில் ஏற்றும் முன் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. அச்சகம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் கோத்துத் தரும் நோயாளி துண்டறிக்கையின் பிடிஎஃபில் தமிழைத் தேடவே முடியாது. யூனிகோடு எழுத்துருதான் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

டிஜிட்டல் பக்கம் அதே எண்ணை இணைப்பின் கடைசியில் சேர்க்கும் யுடிஎம் என்ற கண்காணிப்புக் குறிப்பின் ‘கன்டென்ட்’ இடத்தில் போடுங்கள். சேனல் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் மட்டும் எழுதுங்கள், இணையப் பக்க வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் பேரெழுத்து வாட்ஸ்அப்பையும் சிற்றெழுத்து வாட்ஸ்அப்பையும் வேறு வேறாக எண்ணும். அச்சிடும் க்யூஆர், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடைமாற்று முகவரிக்குப் போகட்டும். தாள் வெளியே போன பிறகும் அது திறக்கும் பக்கத்தை மாற்றலாம்.

நான்காவது, வீவா வால்ட் ப்ரோமோமேட்ஸ் போன்ற மென்பொருள். ஒப்புதல் சுற்று, காலாவதி, வாசகத்துக்கும் ஆதாரத்துக்குமான இணைப்பு எல்லாம் உள்ளேயே நடக்கும். காலாவதியான ஸ்லைடை அதனோடு இணைந்த டேப்லெட்டிலிருந்து விலக்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கத்து கிளினிக் மேசையில் கிடக்கும் தாளை அதனால் எடுக்க முடியாது, அதற்கு விநியோகத் தாள்தான் வேண்டும். மருத்துவம், சட்டம், ஒழுங்குமுறை என்று ஒப்புதல் தருவோர் தனித்தனி ஊர்களில் இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட ஏஜென்சிகள் ஒரே பிராண்டுக்கு வேலை செய்தால், அப்போது பயனருக்கு இத்தனை என்று கட்டும் உரிமக் கட்டணத்துக்கு அர்த்தம் உண்டு. அதுவரை பதிவேடு தாங்கும். பின்னால் மாற நேர்ந்தாலும், ஒழுங்கான பதிவேட்டை அப்படியே இறக்குமதி செய்யலாம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று கிடக்கும் கோப்புறையை அப்படி ஏற்ற முடியாது.

ஏற்கெனவே வெளியே இருக்கும் எண்ணில்லாத சரக்குக்குப் பின்னோக்கி எண் கொடுத்து மாளாது. ஒரு தேதி குறியுங்கள், அன்று எல்லா ரெப்களும் பையைக் காலி செய்து டிப்போவில் ஒப்படைக்கட்டும். மறுநாளிலிருந்து எண் இல்லாத எந்தத் தாளும் பைக்குள் போகக் கூடாது.